மூணு தரமா, நாலு தரமா? வீட்டு அலாரம் சொல்றதைக் கேளுங்க

(அச்சரப்பாக்கத்தில் பொதுமக்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



நம்ம ஊர்ல இருந்து ஜி.எஸ்.டி. ரோட்டுல சென்னைப் பக்கமா சுமார் 60 கிலோமீட்டர் போனா ஊரப்பாக்கம். 2022 நவம்பர் 4-ஆம் தேதி விடியற்காலையில அங்கே ஒரு வீட்டுல குளிர்சாதனப் பெட்டி வெடிச்சு, ஒரே குடும்பத்தைச் சேர்ந்த 3 பேர் இறந்துபோனாங்க. பேப்பர்ல படிச்சிருப்பீங்க. அந்த வீடு ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த வீடு. வெடிச்சதுன்னு கேட்டதும் நெருப்புல கருகிட்டாங்கன்னுதான் நம்ம மனசு நினைக்கும். அவங்க போனது மூச்சுத் திணறி. புகைதான் முடிச்சது.

தீயணைப்புப் பணியில இருந்தவன்ங்கிற முறையில ஒண்ணு சொல்றேன். வீட்டுத் தீ விபத்துல நெருப்பு ஆளைத் தொடுறதுக்கு முன்னாடியே புகை தொட்டுடும். பழைய கூரை வீட்டுல புகை ஓலை வழியாவே வெளியே போயிடும். இப்ப நாம இருக்கிறது கான்கிரீட் வீடு. ஏ.சி.க்காக ஜன்னலைச் சாத்தி வச்சிருக்கோம். உள்ளே ஃபோம் மெத்தை, பிளாஸ்டிக் நாற்காலி, பாலியெஸ்டர் திரை. இதெல்லாம் எரிஞ்சா வர்ற கரும்புகை முதல்ல மேலே போய்க் கூரையில படியும், அப்புறம் அங்கிருந்து கீழே இறங்கும். தரையில படுத்துத் தூங்குறவருக்குப் புகை வந்ததே தெரியாது. தூங்கும்போது நம்ம மூக்கும் தூங்கிடுது. வாசனைக்கு முழிச்சுக்கலாம்னு நம்பி இருக்க முடியாது. ஆனா காது தூங்குறதில்லை. குழந்தை சிணுங்கினா தாய் எழுந்துக்கிறா இல்லையா, அந்தக் காதை நம்பித்தான் இந்த அலாரத்தையே செஞ்சிருக்காங்க.

"எங்க வீட்டுல அலாரமே இல்லையே, இதை எதுக்கு எங்களுக்குச் சொல்றீங்க?"ன்னு சிலர் நினைக்கலாம். நம்ம தாலுகாவுல பல வீட்டுல இல்லைதான். ஆனா உங்க பையன் மறைமலைநகர்ல வேலை, கூடுவாஞ்சேரியில ஃபிளாட் வாங்கியிருப்பான், அங்கே கூரையில வெள்ளையா ஒரு சின்ன வட்டம் ஒட்டியிருக்கும். பொண்ணு சிங்கப்பூர்ல இருப்பா. அங்கே 2018 ஜூன் 1-லேர்ந்து புதுசாக் கட்டுற வீடுகளுக்குப் புகை அலாரம் கட்டாயம். இங்கிலாந்துல வாடகை வீட்டுக்காரங்க கார்பன் மோனாக்சைடு அலாரம் வைக்கிற சட்டத்தை 2022 அக்டோபர் 1-லேர்ந்து இன்னும் விரிவாக்கிட்டாங்க. பேறுகாலம் பார்க்க அமெரிக்கா போன நம்மூர் அம்மாக்களைக் கேளுங்க. முதல் நாளே ரசத்துக்கு மிளகாய் தாளிச்சிருப்பாங்க, வீடே அலறியிருக்கும். முந்தானையால விசிறி, நாற்காலி மேல ஏறி, கடைசியில மாப்பிள்ளை பேட்டரியைக் கழட்டி வச்சிருப்பாரு.

அந்தப் பேட்டரி மறுபடி உள்ளே போறதே இல்லை. இந்தப் பேச்சுக்கே காரணம் அதுதான்.

சமையல் புகைக்கு அது கத்துனா கருவி வேலை செய்யுதுன்னுதான் அர்த்தம், மாட்டின இடம்தான் தப்பு. அடுப்படியிலேர்ந்து 3 மீட்டராவது தள்ளி இருக்கணும். பூஜை அறைக்கும் குளியலறை வாசலுக்கும் பக்கத்துல வேண்டாம். சாம்பிராணிக்கும் கத்தும், வெந்நீர் ஆவிக்கும் கத்தும். வாங்கும்போது இன்னொண்ணும் பாருங்க. புகை அலாரத்துல ரெண்டு ஜாதி இருக்கு. ஒண்ணு ஒளியை வச்சு வேலை செய்யுறது. உள்ளே ஒரு சின்ன ஒளிக்கற்றை போகும், புகைத் துகள் வந்து ஒளியைச் சிதறடிச்சா சத்தம் போடும். அட்டைப் பலகையில 'போட்டோ எலக்ட்ரிக்'னு எழுதியிருக்கும். இன்னொண்ணு 'அயனைசேஷன்', அதுல துளியூண்டு அமெரிசியம்ங்கிற கதிரியக்கப் பொருள் இருக்கும். தாளிக்கிற வீட்டுக்கு முதல் ஜாதிதான் நல்லது. சமையலுக்குச் சும்மாச் சும்மா கத்தாது. மெத்தை, பஞ்சு, ஒயர் மாதிரி புகைஞ்சுக்கிட்டே இருக்கிற தீயையும் சீக்கிரம் பிடிக்கும்.

மாட்டுறது கூரையில. படுக்கையறைக்கு வெளியே இருக்கிற நடையில ஒண்ணு இருந்தாகணும், முடிஞ்சா படுக்கையறைக்குள்ளயும் ஒண்ணு. மின்விசிறி இறக்கையிலேர்ந்து ஒரு மீட்டர் தள்ளி மாட்டுங்க. வெளிநாட்டுப் புத்தகத்துல இதை ஓரமா ஒரு வரியில சொல்லிட்டுப் போயிடுறான், நமக்கோ அதுதான் முதல் விஷயம். 24 மணி நேரமும் சுத்துற ஃபேன் புகையைக் கருவிகிட்டயே வரவிடாது. அப்புறம் பல்லி, எறும்பு, ஒட்டடை. உள்ளே ஒரு சிலந்தி கூடு கட்டினாப் போதும், ராத்திரி 2 மணிக்குச் சும்மாவே அலறும். மாசம் ஒரு தடவை மெல்லிசு பிரஷ்ஷால தட்டி விடுங்க. அமாவாசைக்கு வீடு கழுவுறோம் இல்லையா, அன்னிக்கே அந்த 'டெஸ்ட்' பொத்தானையும் ஒரு அழுத்து அழுத்திடுங்க. தனியா நாள் குறிக்க வேண்டாம்.

சத்தத்துக்கு வருவோம். இதுலதான் பலபேர் குழம்புறாங்க.

பீப், பீப், பீப், கொஞ்சம் இடைவெளி, மறுபடி பீப், பீப், பீப். மூணு மூணா வந்தா புகை. உலக அளவுல ஒத்துக்கிட்ட தாளம் இது.

பீப் பீப் பீப் பீப்னு வேகமா நாலு, கொஞ்சம் இடைவெளி, மறுபடி நாலு. நாலு நாலா வந்தா கார்பன் மோனாக்சைடு. ஒரு சில கம்பெனி தன் இஷ்டத்துக்குத் தாளம் வச்சிருக்கும். அதனால பெட்டியோட வர்ற காகிதத்தைத் தூக்கிப் போடாம, செல்போன்ல ஒரு படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவுல போட்டு வையுங்க.

மூணாவது ஒரு சத்தம் இருக்கு. அரை நிமிஷத்துக்கோ ஒரு நிமிஷத்துக்கோ ஒரு தரம் 'கிச்'சுன்னு. அது அபாயம் இல்லை. பேட்டரி தீரப்போகுது, இல்லேன்னா கருவிக்கே ஆயுசு முடியப்போகுது. புகை அலாரத்துக்கு ஆயுள் 10 வருஷம். கார்பன் மோனாக்சைடு அலாரத்துக்கு மாடலைப் பொறுத்து 5-லேர்ந்து 10 வருஷம். பின்பக்கத்துல தேதி அச்சடிச்சிருக்கும். வாங்குன அன்னிக்கே அந்தத் தேதியைச் செல்போன் காலண்டர்ல ஏத்திடுங்க. பத்து வருஷத்துல செல்போன் நாலு தடவை மாறும், ஆனா கூகுள் கணக்கு அதேதானே இருக்கும்.

செல்போன்னு சொன்னதும் ஞாபகம் வருது. இப்ப 'ஸ்மார்ட்' அலாரம் விக்கிறாங்க, புகை வந்தா செயலி மூலமா போனுக்குத் தகவல் வரும். நல்லதுதான், வெளியூர்ல இருக்கும்போது உதவும். ஆனா கரண்ட் போச்சுன்னா உங்க வைஃபை பெட்டியும் போச்சு. ராத்திரி போனை சைலண்ட்ல போட்டுத்தான் பலபேர் தூங்குறோம். கருவி தானாவே சத்தம் போடுதா, 3 மீட்டர்ல 85 டெசிபெல் வருதா, அதை முதல்ல பாருங்க. செயலியெல்லாம் அப்புறம்.

இன்னும் ரெண்டு பேரை மறந்துடக் கூடாது. சின்னப் பசங்க அலாரம் அடிச்சாலும் எழுந்துக்க மாட்டாங்க. இது சோதிச்சுப் பார்த்த விஷயம், அவங்க தூக்கம் அவ்வளவு ஆழம். இன்னொருத்தர் தாத்தா, பாட்டி. இந்தக் கருவியோட சத்தம் உச்ச ஸ்தாயி. வயசானா அந்த ஸ்தாயிதான் காதுல முதல்ல போகும். அதனால அலாரம் கேட்டா யார் யாரை எழுப்பணும்னு முன்னாடியே பேசி வச்சுக்கணும்.

இப்ப அந்த நாலு பீப்புக்கு வர்றேன். கொஞ்சம் நேரம் எடுத்துக்குவேன், பொறுத்துக்குங்க.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை, கண்ணு எரியாது, இருமல் வராது. கரி, விறகு, பெட்ரோல், டீசல், கேஸ், எது சரியான காத்து இல்லாம எரிஞ்சாலும் அது வரும். நம்ம ரத்தத்துல ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபின் இருக்கே, அதுகிட்ட இந்த வாயு ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல இறுக்கமா ஒட்டிக்கும். பஸ்ஸுல சீட்டைப் பிடிச்சவன் இறங்காம உட்கார்ந்துகிட்ட மாதிரி. மூச்சு வந்துகிட்டேதான் இருக்கும், ஆனா மூளைக்கு ஆக்சிஜன் போகாது. முதல்ல தலைவலி, தலைசுத்தல், வாந்தி வர்ற மாதிரி, அசதி. "கொஞ்சம் படுத்துக்கிறேன்"னு படுப்பாங்க. படுத்தவங்க எழுந்திரிக்க மாட்டாங்க.

2020 ஜனவரியில நேபாளத்துல தாமன்ங்கிற மலை ஊருக்குக் கேரளாவுல இருந்து சுற்றுலா போனவங்க, குளிருக்காக அறையை உள்பக்கம் பூட்டிக் கேஸ் ஹீட்டரை ஓடவிட்டுத் தூங்கினாங்க. 8 பேர், அதுல 4 குழந்தைங்க. யாரும் எழுந்திரிக்கலை. 2024 ஆகஸ்ட்ல நம்ம கொடைக்கானல்ல விடுதி அறையில கரி அடுப்பு வச்சு இறைச்சி சுட்டுச் சாப்பிட்டுட்டு, அடுப்பை அறைக்குள்ளயே விட்டுத் தூங்கின இளைஞர்கள்ல 2 பேர் போயிட்டாங்க. அதே வருஷம் டிசம்பர்ல கேரளாவுல வடகரையில, நிறுத்தி வச்சிருந்த கேரவன் வண்டியில ஏ.சி.க்காக ஜெனரேட்டரைப் போட்டுட்டுத் தூங்கின 2 பேர். மூணு இடத்துலயும் தீ விபத்துன்னு ஒண்ணு நடக்கவே இல்லை.

"அதெல்லாம் குளிர் ஊரு, நமக்கு ஏன்?"னு கேட்டா, மார்கழியில பிள்ளை பெத்த வீட்டை நினைச்சுப் பாருங்க. தாய்க்கும் பிள்ளைக்கும் காத்துப் படக் கூடாதுன்னு கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கும். தூபக்காலில் கங்கு போட்டுத் தலைமுடி உலர்த்த சாம்பிராணி. பழக்கத்தை விடுங்கன்னு நான் சொல்லலை. புகை காட்டின உடனே கங்கை வெளியே கொண்டுபோய்த் தண்ணி தெளிச்சு அணைச்சுடுங்க, அதுவரைக்கும் ஒரு ஜன்னல் திறந்திருக்கட்டும். கங்கு புகையில்லாம செக்கச்செவேல்னு கனியும்போதுதான் ஆபத்து அதிகம். 'புகையே இல்லை, நல்லாப் பழுத்துடுச்சு'ன்னு உள்ளே கொண்டு வர்றோம். பழுத்த கரிதான் இந்த வாயுவைக் கக்கிக்கிட்டு இருக்கும்.

அடுத்தது புயல் காலம். 2022 டிசம்பர்ல மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்கிட்டதானே கரை கடந்தது. கரண்ட் இல்லாத ராத்திரியில கடைக்காரங்க சின்ன ஜெனரேட்டரை மழையில நனையாம இருக்கட்டும்னு திண்ணையிலயோ, படிக்கட்டுக்கு அடியிலயோ, ஷட்டருக்கு உள்ளயோ வைக்கிறாங்க. அதைச் செய்யவே செய்யாதீங்க. வெளியில, வீட்டுக் கதவு, ஜன்னல்லேர்ந்து 6 மீட்டராவது தள்ளி, புகைக்குழாய் வீட்டுப் பக்கம் பார்க்காம வைக்கணும். மழைக்கு மேலே ஒரு தகரம் கட்டிக்குங்க. கேஸ் கீசர் வச்சிருக்கிறவங்க அதைக் குளியலறைக்கு வெளியே மாட்டுங்க. உள்ளே இருந்துதான் ஆகணும்னா புகைபோக்கியும், கீழே ஒரு காத்துத் துவாரமும் இல்லாம அதைப் பத்த வைக்காதீங்க. நிறுத்தின காரை ஓட விட்டுட்டு ஏ.சி.யில தூங்குற டிரைவர் தம்பிகளுக்கும் இதேதான்.

கிணத்துக்காரங்களுக்கும் ஒரு வார்த்தை. தண்ணி இறைக்க டீசல் மோட்டாரைக் கிணத்துக்குள்ள இறக்கி ஓட்டுறது கூடாது. அதே வாயு கிணத்துக்குள்ள தங்கிடும். இறங்கினவர் விழுந்தா காப்பாத்தப் போறவரும் விழுவாரு. வீட்டு அலாரத்தைக் கயித்துல கட்டி இறக்கிப் பார்க்கலாமான்னு கேக்காதீங்க, அது அந்த வேலைக்குச் செஞ்ச கருவி இல்லை. தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்க.

இந்த அலாரம் கத்தும்போது உங்களுக்கு உடம்புல ஒண்ணுமே தெரியாம இருக்கலாம். அதுதான் சரியான நேரம். ஐரோப்பியத் தரம் என்ன சொல்லுதுன்னா, காத்துல 10 லட்சம் பங்குல 50 பங்கு இருந்தா 60-லேர்ந்து 90 நிமிஷத்துக்குள்ள கத்தணும், 100 பங்கு இருந்தா 10-லேர்ந்து 40 நிமிஷத்துக்குள்ள, 300 பங்குன்னா 3 நிமிஷத்துக்குள்ள. அதாவது விஷம் உடம்புல சேர்றதைக் கணக்குப் போட்டு, நீங்க மயங்குறதுக்கு முன்னாடி சத்தம் போடுது. "யாருக்கும் ஒண்ணும் ஆகலை, மெஷின் பொய் சொல்லுது"ன்னு அதை அணைச்சுட்டு மறுபடி படுக்கிறதுதான் பெரிய தப்பு.

நாலு பீப் கேட்டா எல்லாரையும் எழுப்பி வெளியே வாங்க. தலையை எண்ணுங்க. போற வழியில ஜெனரேட்டரையோ அடுப்பையோ அணைக்க முடிஞ்சா அணைங்க, கதவைத் திறந்து போட்டுட்டு வாங்க, அதுக்காக உள்ளே நின்னு நேரம் கழிக்க வேண்டாம். வெளியிலேர்ந்து 112. யாருக்காவது தலைவலி, வாந்தி, மயக்கம்னா 108. ஜன்னலைத் திறந்ததும் சத்தம் நின்னுடும். நின்னுடுச்சேன்னு உள்ளே போயிடாதீங்க, காரணம் இன்னும் உள்ளேதான் எரிஞ்சுகிட்டு இருக்கு.

கரோனா நேரத்துல விரல்ல மாட்டுற ஆக்சிமீட்டர் வாங்கி வச்சிருக்கீங்க. அதை நம்பாதீங்க. இந்த வாயு ஒட்டின ரத்தமும் சிவப்பாத்தான் இருக்கும், அந்தக் கருவிக்கு வித்தியாசம் தெரியாது. ஆள் சாகக் கிடப்பாரு, அது 98, 99-ன்னு காட்டும். ஆஸ்பத்திரிக்குப் போனதும் முதல் வார்த்தையா, "கரி எரிஞ்ச அறையில இருந்தோம், கார்பன் மோனாக்சைடா இருக்கலாம்"னு டாக்டர்கிட்ட சொல்லுங்க. அவருக்கு அந்த ஒரு வார்த்தை போதும், ரத்தப் பரிசோதனையில கார்பாக்சி ஹீமோகுளோபின் பார்த்துடுவாரு. சொல்லலைன்னா வீட்டுல நாலு பேருக்கும் ஒரே நேரத்துல வாந்தின்னா சாப்பாடு கெட்டிருக்கும்னுதான் யாருக்குமே தோணும். சாதாரணக் காத்துல அந்த வாயு ரத்தத்துல பாதியாக் குறைய 4, 5 மணி நேரம் ஆகும். முகமூடி வழியா முழு ஆக்சிஜன் கொடுத்தா சுமார் ஒண்ணு, ஒண்ணரை மணி நேரத்துல பாதியாகும். அதுக்காகத்தான் ஆஸ்பத்திரி. மோர் குடிச்சுட்டுத் திண்ணையில உட்கார்ந்தா சரியாப் போற விஷயம் இல்லை இது.

கடையில ஒரு குழப்பம் நடக்குது. ஆன்லைன்ல 'கேஸ் அலாரம்'னு தேடினா வர்றதுல நிறைய எல்.பி.ஜி. கசிவுக்கானது. அது கார்பன் மோனாக்சைடைப் பிடிக்காது. இது எல்.பி.ஜி.யைப் பிடிக்காது. ரெண்டும் வேற வேற. சமையல் கேஸ் காத்தை விடக் கனம், தரையோட ஓடும், அதனால அந்த அலாரம் அடுப்படியில தரைக்குப் பக்கத்துல. கார்பன் மோனாக்சைடு காத்தோட காத்தாக் கலந்துடும், அதனால படுக்கையறைப் பக்கம், சுவத்துல தலை உயரத்துல வச்சாலும் சரிதான். கேஸ் அலாரம் அடிச்சா, இல்லேன்னா நாத்தம் வந்தா, சுவிட்சைத் தொடாதீங்க, போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடுங்க, கதவு, ஜன்னலைத் திறங்க, வெளியே வந்து போன் பண்ணுங்க. எல்.பி.ஜி. கசிவுக்கு 1906, எந்தக் கம்பெனி சிலிண்டரா இருந்தாலும் அதே எண்தான்.

இப்ப மூணு பீப்புக்குத் திரும்புறேன், புகை. அலாரம் வச்சாச்சு, சத்தமும் கேட்டாச்சு. வெளியே போகணும். போக முடியுமா?

நான் பார்த்த வரைக்கும் நம்ம ஊர் வீடுகளோட பெரிய சிக்கல் அலாரம் இல்லாதது இல்லை. சாவி. திருட்டு பயத்துல முன்வாசல்ல இரும்பு கிரில் கேட், அதுல பூட்டு, பின்வாசல்லயும் பூட்டு, எல்லா ஜன்னலுக்கும் கம்பி. சாவி எங்கே? அப்பாவோட சட்டைப் பையில, பீரோவுல, டி.வி. மேலே. கண்ணு தெரியாத கரும்புகையில அதைத் தேடணும். 2024 ஜூன் 12-ஆம் தேதி விடியற்காலையில குவைத் மங்காஃப்ல தொழிலாளர்கள் தங்கியிருந்த கட்டடத்துல தீப்பிடிச்சு, குறைஞ்சது 45 இந்தியர்கள் இறந்தாங்க. அதுல 7 பேர் நம்ம தமிழ்நாட்டுக்காரங்க. பெரும்பாலானவங்க போனது புகையாலதான். மொட்டை மாடிக் கதவு பூட்டியிருந்ததாகச் செய்தி வந்தது. மாடிக்கு ஓடினவன் அந்தக் கதவுகிட்ட என்ன பண்ணியிருப்பான்னு நினைச்சுப் பாருங்க.

அதனால இன்னிக்கு வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்க. காசு செலவு இல்லை. கதவுக்குப் பக்கத்துல, வெளியேயிருந்து கைவிட்டா எட்டாத தூரத்துல, ஒரு ஆணி அடிச்சு ராத்திரி பூட்டுச் சாவியை அதுல மாட்டுங்க. ஒவ்வொரு ராத்திரியும் அதே ஆணி. வீட்டுல எல்லாருக்கும், பத்து வயசுப் பிள்ளைக்கும், இருட்டுல அந்தச் சாவியை எடுத்துப் பூட்டைத் திறக்கத் தெரியணும். விளக்கை அணைச்சுட்டு ஒரு தடவை திறந்து பார்க்கச் சொல்லுங்க. எவ்வளவு நேரம் ஆகுதுன்னு நீங்களே எண்ணுங்க.

அலாரம் அடிச்சா குனிஞ்சு போங்க, நல்ல காத்து தரையோட இருக்கும். மூடின கதவைத் திறக்குறதுக்கு முன்னாடி புறங்கையால தொட்டுப் பாருங்க, சுட்டா திறக்காதீங்க. வந்த அறைக் கதவைச் சாத்திட்டு வாங்க. ஒரு சாதாரண மரக் கதவு சாத்தியிருந்தாலே புகை வர்றதுக்குச் சில நிமிஷம் தாமதமாகும். ஃபிளாட்டுல இருக்கிறவங்க லிஃப்ட்டைத் தொடாதீங்க. 2024 டிசம்பர் 12-ஆம் தேதி திண்டுக்கல்ல ஒரு மருத்துவமனைத் தீயில 6 பேர் லிஃப்ட்டுக்குள்ளதான் மூச்சுத் திணறிப் போனாங்க. வெளியே போக வழியே இல்லைன்னா ஓர் அறைக்குள்ள போய்க் கதவிடுக்குல ஈரத்துணியை அடைச்சு, ஜன்னலுக்குப் பக்கத்துல வந்து, செல்போன் டார்ச்சை ஆட்டுங்க. எங்க ஆளுங்க வெளிச்சத்தைத்தான் தேடுவாங்க. வெளியே வந்தவங்க நகைக்காக, பத்திரத்துக்காக, வண்டிச் சாவிக்காக மறுபடி உள்ளே போகாதீங்க.

போன் பண்ணும்போது 112 அல்லது 101. "தீப்பிடிச்சிருக்கு, சீக்கிரம் வாங்க"ன்னு வச்சுடாதீங்க. ஊர், தெரு, பக்கத்துல என்ன இருக்கு, உள்ளே ஆள் இருக்காங்களா, வண்டி தெருவுக்குள்ள வருமா. 'மெயின் ரோட்டுலதான்'னு சொன்னா எந்த மெயின் ரோடு? கோயில் தேர் போற தெருவா, ஜி.எஸ்.டி. ரோடா? ஒரு ஆள் தெருமுனையில நின்னு கை காட்டினா எங்களுக்கு அஞ்சு நிமிஷம் மிச்சம். '112 இந்தியா' செயலியைப் போட்டு வச்சுக்கிட்டா உங்க இருப்பிடமும் சேர்ந்து போகும், விலாசம் சொல்ல வாய் வராத நேரத்துல அது பேசும். தீயணைக்க வர்றதுக்குக் கட்டணம் கிடையாது, தயங்காதீங்க.

அலாரம் வாங்க வசதி இல்லாதவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். ஒரே அறை, தகர ஷீட்டு, நாலு பக்கமும் காத்து போகுற வீடுன்னா நான் முதல்ல அலாரம் வாங்கச் சொல்ல மாட்டேன். ஷீட்டுக்கு அடியில சித்திரை வெயில்ல இருக்கிற சூட்டைப் பல கருவி தாங்கவும் தாங்காது, அதுங்களுக்கு 38, 40 டிகிரிதான் வரம்பு. அந்தக் காசுல முதல்ல 5 வருஷம் ஆன கேஸ் டியூபை மாத்துங்க, மெயின்ல கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கிற பிரேக்கர் போடுங்க, கருகிப்போன பிளக் பாயிண்டை எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் காட்டுங்க. மிச்சம் இருந்தா அலாரம். கான்கிரீட் வீடு, சாத்தின ஜன்னல், ஏ.சி., மேல்மாடியில தூக்கம்னா அலாரம்தான் முதல்ல.

ஒரு தம்பி சீட்டு எழுதி அனுப்பியிருக்காரு. எலக்ட்ரிக் ஸ்கூட்டரை ராத்திரி ஹால்ல, வாசல் பக்கம் சார்ஜ் போடலாமான்னு. போடாதீங்க தம்பி. பிடிச்சுதுன்னா வெளியே போற ஒரே வழியை அது அடைச்சுடும். வராந்தாவுலயோ வெளியிலயோ, முழிச்சிருக்கிற நேரத்துல, கம்பெனி கொடுத்த சார்ஜர்ல போடுங்க. இடமே இல்லைன்னா அந்த இடத்துக்கு மேலே ஒரு புகை அலாரம் மாட்டிட்டு, பின்வாசல் பூட்டுச் சாவியும் கைக்கு எட்டுதான்னு பாருங்க.

இன்னொரு அம்மா, ஆயுசு முடிஞ்ச கருவியை என்ன செய்யறதுன்னு கேட்டிருக்காங்க. குப்பையில எரிக்காதீங்க, பேட்டரியும் அயனைசேஷன் வகையும் எரியிற இடத்துல போகக் கூடாது. பேட்டரியைக் கழட்டி, ரெண்டையும் மின்னணுக் கழிவு சேகரிக்கிறவங்ககிட்ட கொடுங்க.

மேசை மேல ரெண்டு கருவி வச்சிருக்கேன். ஒவ்வொண்ணா அழுத்திக் காட்டுறேன், காதை மூடிக்காதீங்க. முதல்ல புகை. எண்ணிக்கிட்டே வாங்க.